யாங்கூனில் இரண்டு நாள், ஆறு பிள்ளைகள்



வழமையாக இந்த நேரத்தில் வருமான வரி, ஓய்வூதியச் சேமிப்பு, வீட்டுக்கடன் வட்டி என்று உங்களுக்குத் தலையிடி தருகிறவன் நான். இந்த மாதம் கணக்குக் கொப்பியை ஒரு பக்கம் வைத்துவிட்டு ஒரு பயணத்தைப் பற்றிச் சொல்லப்போகிறேன். ஆனாலும் கணக்காளன் வாய். இடையிடையே ஒன்றிரண்டு தொகைகள் வந்து விழும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

2019ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் வேலை விடயமாகப் பாங்கொக் போனேன். என்னுடைய தங்கச்சியின் மகன் அப்போது அங்கே படித்துக்கொண்டிருந்தான். பாங்கொக்கிற்கு வடக்கே, பத்தும்தானி மாகாணத்தில், ஏ.ஐ.ரி. என்று சுருக்கமாகச் சொல்லும் ஆசியத் தொழில்நுட்பக் கழகம் இருக்கிறது. 1959இல் தொடங்கியது. ஆசிய நாடுகளின் பிள்ளைகள் பொறியியலும் சுற்றாடலும் முகாமைத்துவமும் படிக்க வருகிற இடம். இலங்கைப் பிள்ளைகளும் நெடுங்காலமாகப் போய்ப் படிக்கிறார்கள்.

"அவனை ஒருக்கால் பாத்திட்டு வாங்கோ அண்ணா, ஒழுங்காச் சாப்பிடுறானோ தெரியாது" என்று தங்கச்சி சொல்லியிருந்தாள். நான் ரெலிபோன் எடுத்தால் மருமகன் சொல்கிறான்: "மாமா, சனி ஞாயிறு நாங்கள் யாங்கூன் போறம். நீங்களும் வாங்கோவன்."

"ஆரோட?"

"இலங்கைப் பெடியள் பெட்டையள்தான். ஆறு பேர்."

"தமிழ்ப் பிள்ளையளோ?"

அவன் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னான். "எல்லாரும்தான் மாமா."

நேயர்களே, உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது. எனக்கு அது பிடிக்கவில்லை. நான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் வணிகமாணிப் பட்டம் எடுத்தவன். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, மழைக்குள், ஒரு சைக்கிளும் இரண்டு பையுமாய் நாவற்குழிப் பாலத்தைக் கடந்த சனத்துக்குள் நானும் ஒருவன். உங்களில் பலர் அந்த இரவைக் கண்டவர்கள். அதற்குப் பிறகு அலுவலக அறைகளில் தவிர, ஒரு சிங்களவரோடு ஒரு மேசையில் இருந்து நான் சோறு சாப்பிட்டதில்லை. அதை மருமகனிடம் சொன்னேன். அவன் பதில் சொல்லவில்லை. "ரிக்கெற் போடட்டோ மாமா?" என்று மட்டும் கேட்டான். போடச் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அந்த ஆறு பேரையும் ஊர் பெயராலேயே சொல்கிறேன். சொந்தப் பெயர் வானொலியில் வேண்டாம். யாழ்ப்பாணம் என் மருமகன். திருகோணமலைப் பிள்ளை ஒருத்தி. அற்றனிலிருந்து வந்த மலையகப் பிள்ளை ஒருத்தி. அக்கரைப்பற்றிலிருந்து ஒரு முஸ்லிம் பெடியன். மாத்தறையிலிருந்து ஒரு சிங்களப் பெடியன். நீர்கொழும்பிலிருந்து ஒரு கத்தோலிக்கச் சிங்களப் பிள்ளை. தங்களுக்குள் ஆங்கிலம், இடையிடையே சிங்களம், தமிழ்.

வெள்ளி பின்னேரம் பாங்கொக்கில் விமானம் ஏறினோம். ஒரு மணித்தியாலம் கொஞ்சம் சொச்சம். இறங்கியதும் கடிகாரத்தை அரை மணித்தியாலம் பின்னுக்குத் திருப்பினோம். "வீட்டுக்கு அரை மணித்தியாலம் கிட்ட வந்திட்டம்" என்றது அற்றன் பிள்ளை. எல்லாரும் சிரித்தோம்.

ஆளுக்கு 100 டொலர் பொதுப்பணம் போட்டார்கள். கணக்காளர் என்று தெரிந்ததும் கொப்பியை என் கையில் தந்துவிட்டார்கள். மியன்மாரில் டொலர் தாள் மடியாமல், கறைபடாமல் இருக்கவேண்டும். என்னுடைய தாளில் ஒரு மடிப்பு. காசு மாற்றும் பெண் சிரித்துக்கொண்டே திருப்பித் தந்துவிட்டாள். "மாமாட காசு செல்லாது" என்று அன்றிரவு முழுக்கப் பகிடி. நான் மூன்று பிள்ளைகளுக்கு மாமாவாகப் போனவன், அடுத்த நாள் காலையில் ஆறு பேருக்கும் மாமா ஆகிவிட்டேன்.

யாங்கூனில் எங்கள் கண்ணுக்கு முதலில் பட்டது, ஆம்பிளைகள் எல்லாரும் சாரத்தோடு திரிவதுதான். வங்கிக்குப் போகிறவரும் சாரம்தான். லொஞ்சி என்கிறார்கள். காலைச் சாப்பாடு மொஹிங்கா. மீன் அவித்து அரைத்த குழம்புக்குள் இடியப்பம் போன்ற நூடில்ஸ், அதற்குள் வாழைத்தண்டு. "இது எங்கட அம்மாட சொதியெல்லோ" என்றான் அக்கரைப்பற்றுப் பெடியன். மாத்தறைப் பெடியன் இரண்டாவது கோப்பை கேட்டான். எல்லாருக்கும் அது தங்கள் வீட்டுச் சாப்பாடு மாதிரித்தான் இருந்தது.

சனி காலை சுவேதகோன் தாதுகோபத்துக்குப் போனோம். குன்றின்மேல் ஏறத்தாழ நூறு மீற்றர் உயரத்தில் தங்கம் போர்த்து நிற்கிறது. சப்பாத்து, காலுறை இரண்டையும் கழற்றவேண்டும். சுற்றிவர எட்டுத் திசைக்கும் எட்டுச் சிறு பீடங்கள். நீங்கள் பிறந்த கிழமைக்குரிய பீடத்தில் தண்ணீர் ஊற்றிக் கும்பிடுவது அங்கே வழக்கம். புதன்கிழமையை மட்டும் காலை, பின்னேரம் என்று இரண்டாகப் பிரித்து எட்டு ஆக்கியிருக்கிறார்கள். ஒவ்வொரு கிழமைக்கும் ஒரு விலங்கு. பிள்ளைகள் போனில் பிறந்த திகதியைப் போட்டுக் கிழமை பார்த்தார்கள்.

என்ன நடந்தது தெரியுமோ? திங்கட்கிழமைக்குப் புலி. செவ்வாய்க்கிழமைக்குச் சிங்கம். என் மருமகன் பிறந்தது செவ்வாய். மாத்தறைப் பெடியன் பிறந்தது திங்கள். யாழ்ப்பாணத்தான் சிங்கத்துக்கும் மாத்தறையான் புலிக்கும் தண்ணீர் ஊற்றுகிறார்கள்! நீர்கொழும்புப் பிள்ளை சிரித்துச் சிரித்துக் கீழே இருந்துவிட்டாள். எனக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. முப்பது ஆண்டுச் சண்டையில் இந்த இரண்டு விலங்கையும் வைத்து நான் சிரித்தது அன்றைக்குத்தான்.

பிறகு நிழலில் இருந்தோம். மாத்தறைப் பெடியன் கதை சொன்னான். புத்தருக்கு முதன்முதலில் உணவு கொடுத்தவர்கள் தபஸ்ஸு, பல்லுக என்ற இரண்டு வணிகச் சகோதரர்கள். புத்தர் கொடுத்த தலைமயிரைக் கொண்டுவந்து இங்கேதான் வைத்தார்கள் என்பது பர்மியர் நம்பிக்கை. "அதே ரெண்டு பேரும் எங்கட நாட்டுக்கும் வந்தவை. அங்க கட்டினதுதான் கிரிஹண்டு சேய" என்றான்.

திருகோணமலைப் பிள்ளை மெல்லக் கேட்டாள். "அது எங்க இருக்கு எண்டு தெரியுமோ?"

"திரியாய்."

"அது எங்கட அம்மாட ஊர்."

நேயர்களே, திரியாய் உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். திருகோணமலைக்கு வடக்கே உள்ள தமிழ்க் கிராமம். அந்தத் தாதுகோபம் அங்குள்ள குன்றில் இருக்கிறது. 1985இல் அந்த ஊர் எரிக்கப்பட்டது. சனம் இடம்பெயர்ந்தது. அந்தப் பிள்ளையின் தாய் அப்போது சிறுமி. இதை அவள் கோபமில்லாமல், வகுப்பில் பாடம் ஒப்புவிப்பது போலச் சொன்னாள்.

நான் வாயைத் திறக்கப்போனேன். என்னிடம் நிறைய இருந்தது. மருமகன் என் கையைப் பிடித்து அமத்தினான்.

மாத்தறைப் பெடியன் நெடுநேரம் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சொன்னான்: பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது யாத்திரை பஸ்ஸில் அங்கே போயிருக்கிறான். வழியில் கூரை இல்லாத வீடுகளைக் கண்டிருக்கிறான். "அந்த வீடுகள் யாருடையவை என்று நான் ஆரையும் கேக்கேல்லை. ஆரும் சொல்லவும் இல்லை."

அவ்வளவுதான். மன்னிப்பும் இல்லை, கட்டிப்பிடிப்பும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து அவன் தன்னுடைய ஆட்களைப் பற்றியும் ஒன்று சொன்னான். 18ஆம் நூற்றாண்டில் கண்டியை மையமாகக் கொண்ட சியாம் நிக்காயத்தில் உயர்சாதியினருக்கு மட்டும்தான் முழுத் துறவு கொடுத்தார்கள். தெற்குக் கரையோரத்து மற்றச் சாதியினர் பொறுக்கமாட்டாமல் கப்பல் ஏறிப் பர்மாவுக்கு வந்தார்கள். அமரபுரத்தில் துறவு பெற்று 1803இல் திரும்பினார்கள். அமரபுர நிக்காயம் பிறந்த கதை அது. "எங்கட ஆக்களையும் ஒரு காலம் படிக்கு வெளியிலதான் விட்டவை" என்றான். பௌத்தர் எல்லாரும் ஒரே ஆள் என்று எண்ணியிருந்த எனக்கு அது புதுச் செய்தி. எங்கள் கோயில் வாசல்களும் என் ஞாபகத்துக்கு வந்தன.

பின்னேரம் அனவ்ரதா வீதியில் உள்ள காளி கோயிலுக்குப் போனோம். 1871இல் தமிழர் கட்டியது. அந்தக் கோபுரத்தைக் கண்டதும் எங்கள் நால்வருக்கும் நடை வேகமாகிவிட்டது. 1931ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி ரங்கூன் நகரச் சனத்தில் பாதிக்கு மேல் இந்தியர். அதில் தமிழர் பெருந்தொகை. துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்களும் இருந்தார்கள், நிலத்தை ஈடு பிடித்த செட்டிமாரும் இருந்தார்கள். 1941 டிசம்பரில் யப்பானியர் குண்டு போட்டார்கள். அதற்குப் பிறகு ஏறத்தாழ ஐந்து லட்சம் இந்தியர் இந்தியா நோக்கி ஓடினார்கள். பெரும்பாலானோர் கால்நடையாக, மலையும் காடும் கடந்து. எத்தனையோ பேர் போய்ச் சேரவில்லை. எங்களுக்கு முன்னம் இடம்பெயர்ந்தவர்கள் அவர்கள்.

கோயிலில் ஒரு பெரியவர் எங்களைக் கண்டு "வாங்க, உக்காருங்க" என்றார். அறுபத்தைந்து வயதிருக்கும். தமிழ் கதைப்பார், ஆனால் எண்களைப் பர்மிய மொழியில்தான் சொல்வார். அவருடைய தகப்பனுக்குத் துணிக்கடை இருந்தது. 1962இல் ஜெனரல் நெ வின் ஆட்சியைப் பிடித்தார். 1964இல் கடைகள் அரசுடைமை ஆயின. அதே ஆண்டு மே மாதம் 50, 100 கியாட் தாள்கள் செல்லாது என்று அறிவித்தார்கள். "கடையும் போச்சு, பெட்டியில இருந்ததும் காகிதமாச்சு" என்றார். கணக்காளனாக அந்த வசனத்தைக் கேட்டு எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அதன் பிறகு வந்த சில ஆண்டுகளில் மூன்று லட்சம் அளவில் இந்தியர் வெளியேறினார்கள். இவருடைய மூத்த அண்ணன் சென்னைக் கப்பல் ஏறினார். தகப்பன் ஏற மறுத்துவிட்டார். குடும்பம் இரண்டாயிற்று.

அப்போதுதான், அதுவரை எங்களுக்குப் பின்னால் நின்ற அற்றன் பிள்ளை முன்னுக்கு வந்தாள்.

"ஐயா, எங்களுக்கும் அதே அறுபத்துநாலுதாங்க."

1964 ஒக்டோபர் 30. சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம். மலையகத் தமிழரில் ஐந்தேகால் லட்சம் பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இலங்கைக்கு, மிகுதி ஒன்றரை லட்சம் பேரைப் பிறகு பார்ப்போம் என்று இரண்டு நாடுகளும் பங்கு பிரித்தன. சரக்கைப் பிரிக்கிற மாதிரி. அவளுடைய பாட்டனின் தம்பி நீலகிரிக்குப் போனார். பாட்டன் அற்றனில் நின்றார். "சின்னத் தாத்தா ரெப்கோ பாங்குல கடன் வாங்கித்தான் வீடு கட்டினாரு" என்றாள்.

பெரியவர் நிமிர்ந்து இருந்தார். "ரெப்கோவா? எங்க அண்ணன் மகனும் அதே பாங்குதாம்மா! வியாசர்பாடியில."

ரெப்கோ வங்கி 1969இல் சென்னையில் தொடங்கியது. பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் திரும்பியவர்களின் மறுவாழ்வுக்காகத் தொடங்கிய கூட்டுறவு வங்கி. ஒரே பேரேட்டில் இரண்டு நாட்டு அகதிகள். நான் இருபது ஆண்டுக்கு மேல் வங்கிக் கணக்குகளோடு வாழ்கிறவன். ஒரு வங்கியின் பெயரைச் சொல்லி இரண்டு பேர் கண் கலங்கியதை அன்றுதான் கண்டேன். பெரியவர் அந்தப் பிள்ளையின் தலையில் கைவைத்து ஆசீர்வதித்தார். எங்களுக்கு விபூதி மட்டும்தான்.

வெளியே வந்ததும் மருமகன் அவளிடம் கேட்டான். "இதையெல்லாம் நீ ஒருநாளும் எங்களுக்குச் சொல்லேல்லையே?"

"நீங்க கேக்கலையே" என்றாள்.

நேயர்களே, காலையில் மாத்தறைப் பெடியன் சொன்னதும் இதைத்தான். வீடுகள் யாருடையவை என்று கேட்கவில்லை என்று அவன் சொன்னபோது எனக்குள் ஒரு நியாயம் வென்றது போல இருந்தது. பின்னேரம் அதே கேள்வி எங்கள் பக்கம் திரும்பி வந்து நின்றது. 1948இல் மலையக மக்களின் குடியுரிமை பறிபோனது. அந்தப் பிரச்சினையில் எங்கள் வடக்குத் தமிழ்த் தலைவர்கள் எல்லாரும் ஒரே பக்கத்தில் நிற்கவில்லை. 1949இல் தமிழரசுக் கட்சி பிறந்ததற்கு அதுவும் ஒரு காரணம். இதையெல்லாம் நான் சோதனைக்காகப் படித்தவன். ஒரு மலையகப் பிள்ளையின் வாயால் ஒருநாளும் கேட்டவன் அல்ல.

அன்றிரவு கணக்கு எழுதும்போது இன்னொன்றைக் கண்டேன். சாப்பாட்டுக்கடைகளில் அற்றன் பிள்ளை எப்போதும் ஆக மலிந்ததையே கேட்டிருக்கிறாள். புலமைப் பரிசுப் பணத்தில் வீட்டுக்கும் அனுப்புகிறாள் என்று மருமகன் சொன்னான். அடுத்த நாள் காலை நீர்கொழும்புப் பிள்ளை என்னிடம் வந்து, "மாமா, இண்டைக்கு எல்லாருக்கும் ஒரே சாப்பாடு சொல்லுவம், கணக்கு லேசாயிருக்கும்" என்றாள். அவளும் கண்டிருக்கிறாள். நான் ஓம் என்றேன்.

ஞாயிறு காலை வட்டரயில். யாங்கூன் நகரத்தைச் சுற்றி ஏறத்தாழ 46 கிலோமீற்றர், 39 நிலையங்கள், மூன்று மணித்தியால ஓட்டம். ரிக்கெற் 200 கியாட். அன்றைய விலையில் 15 சதம்கூட வராது. கீரைக் கட்டுகளோடும் கோழிகளோடும் சனம் ஏறி இறங்கியது. பிள்ளைகள் ஒரு வாங்கில் நெருக்கி இருந்து தோடம்பழம் உரித்துச் சாப்பிட்டார்கள். அக்கரைப்பற்றுப் பெடியன் மட்டும் யன்னலால் பார்த்துக்கொண்டு இருந்தான். என்ன என்று கேட்டேன்.

"இந்தச் சனம் எவ்வளவு நல்லா இருக்கு மாமா. இதே நாட்டிலிருந்துதானே ரோகிங்கியா ஆக்களை விரட்டினவை" என்றான். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னான். 2017 ஓகஸ்டுக்குப் பிறகு ஏழு லட்சத்துக்கு மேற்பட்டோர் பங்களாதேசுக்கு ஓடினார்கள். அந்தச் செய்தி வந்த நாட்களில் நான் பத்திரிகையைப் புரட்டிவிட்டுப் போனவன். எதிர் வாங்கில் ஒரு தாய் என் மடியில் இரண்டு வாழைப்பழத்தை வைத்துச் சிரித்தாள். நாங்கள் தப்பி ஓடிய காலத்தில் கொழும்புக்குச் சுற்றுலா வந்த யாரோ ஒருவரும் இப்படித்தான் "எவ்வளவு நல்ல சனம்" என்று நினைத்திருப்பார். அவரில் பிழையும் இல்லை. ஆனால் நாங்கள் அப்போது அங்கே இல்லை.

ஞாயிறு இரவு பாங்கொக் திரும்பினோம். மிச்சக் காசை ஏழாகப் பிரித்துக் கொடுத்துக் கொப்பியை மூடினேன்.

இத்துடன் முடிந்திருந்தால் நல்ல பயணம், நல்ல பிள்ளைகள் என்று விட்டிருப்பேன். இரண்டு மாதம் கழித்து ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு வந்தது. தேவாலயங்களிலும் விடுதிகளிலும் குண்டு வெடித்தது. நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டிய புனித செபஸ்தியார் தேவாலயத்தில் நூறுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். எங்கள் நீர்கொழும்புப் பிள்ளையின் அயலவர்கள் அதில் இருந்தார்கள். அன்று பின்னேரம் மருமகனுக்கு எடுத்தேன். அவன் சொன்னான்:

"அக்கரைப்பற்றான் அறையைப் பூட்டிக்கொண்டு இருந்தான் மாமா. தன்னை ஆரும் பாக்கக்கூடாது எண்டு. பிறகு தானாவே எழும்பி அவளிட்டைப் போனான். வாசலில நிண்டு அழுதான். அவள் கதவைத் திறந்து 'உள்ள வா, சாப்பிட்டியா' எண்டு கேட்டாள். இப்ப எல்லாரும் அவளிட்ட அறையிலதான் இருக்கிறம்."

யாங்கூன் போகாமல் இருந்தாலும் அவள் கதவைத் திறந்திருப்பாளா? எனக்குத் தெரியாது. ஆனால் அவன் அந்த வாசலுக்குப் போயிருக்க மாட்டான் என்றுதான் நினைக்கிறேன்.

எல்லாம் தேனும் பாலுமாக முடியவில்லை என்பதையும் சொல்லவேண்டும். 2020 யூனில் கிழக்கு மாகாணத்துத் தொல்லியல் இடங்களுக்கென்று ஜனாதிபதி செயலணி அமைத்தார்கள். முதலில் நியமித்தவர்களில் ஒரு தமிழரும் இல்லை, ஒரு முஸ்லிமும் இல்லை. திரியாய்ப் பேச்சு மறுபடி வந்தது. பிள்ளைகளுக்குள் போனில் கடும் வாக்குவாதம். சில மாதம் ஒருவரோடு ஒருவர் கதைக்கவில்லையாம். பிறகு மாத்தறைப் பெடியன்தான் முதலில் எழுதினான். "அம்மா எப்படி இருக்கிறா?" என்று. 2021 பெப்ரவரி முதலாம் திகதி மியன்மாரில் இராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது ஆறு பேரும் காளி கோயில் பெரியவரைப் பற்றித்தான் ஒருவரையொருவர் விசாரித்தார்கள். அவரைப் பற்றி ஒரு செய்தியும் எங்களுக்குக் கிடைக்கவில்லை.

நேயர்களே, எங்கள் நகரத்துப் பல்கலைக்கழகங்களுக்கும் ஒவ்வொரு ஆண்டும் இலங்கையிலிருந்து பிள்ளைகள் வருகிறார்கள். இங்கே பிறந்த எங்கள் பிள்ளைகள் அவர்களோடு ஒரு சனி ஞாயிறு எங்காவது வெளிக்கிடுகிறோம் என்று கேட்பார்கள். நான் கேட்ட மாதிரி "ஆரோட, தமிழ்ப் பிள்ளையளோ?" என்று நாங்களும் கேட்போம். அந்தக் கேள்வி வருவதற்குக் காரணம் உண்டு. நாங்கள் பட்டது பொய் இல்லை. அதை மறக்கச் சொல்லி யாரும் கேட்டால் நானும் மறுப்பேன்.

ஆனால் போக விடுங்கள். போகும்போது எங்கள் கதையைச் சரியாகத் தெரிந்துகொண்டு போகட்டும். திரியாய் என்றால் என்ன, 1995 என்றால் என்ன, 1964 என்றால் என்ன என்று வீட்டில் சொல்லி அனுப்புவோம். திருகோணமலைப் பிள்ளை தன் தாயின் ஊரைச் சொல்லக்கூடியவளாக இருந்தபடியால்தான் அந்த நிழலில் ஒரு உண்மை நடந்தது. திரும்பி வரும்போது மற்றப் பிள்ளைகளின் ஊர்களைப் பற்றிக் கேட்டுக்கொண்டு வரட்டும். கணக்கில் நாங்கள் எழுதுவது ஒரு பக்கம். மற்றவர் கொப்பியோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் எந்த வரி விடுபட்டது என்று தெரியும். தொழில் பாசையில் சொன்னதற்கு மன்னியுங்கள்.

அடுத்த மாதம் மீண்டும் வரிப் படிவத்தோடு வருகிறேன்.